கண் மங்கிய பின் கண் வைத்தியரைத் தேடலாமா?

அம்மருட் முருகன் ஆலயத்துக்கு வரும் எமது மூத்தவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். திருவிழா நோட்டீசைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை" என்று பேரப்பிள்ளையிடம் கொடுப்பார்கள். வயது போனால் கண் மங்கத்தானே செய்யும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். எல்லா மங்கலும் வயதால் வருவதில்லை என்பதை நாம் போதுமான அளவு கதைப்பதில்லை.

1980களில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் குளிரோடு நின்று உழைத்து, பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கிய தலைமுறை இன்று ஓய்வூதிய வயதில் நிற்கிறது. அந்தத் தலைமுறையின் வீடுகளில் நீரிழிவு குளிசை இல்லாத அலுமாரியைக் காண்பது அரிது. இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அம்மருட்டிலிருந்து சுரங்க ரயிலில் இரண்டு தரிப்பிடம் தள்ளியுள்ள றொம்சோஸில், 2000ஆம் ஆண்டில் ஒரு சுகாதார ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையான தென்னாசியப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்ததாக அது கண்டது. மேற்கத்தேயப் பெண்களிடம் இது நூற்றுக்கு மூன்று பேர் அளவே. எமது அயலைப் பற்றிய இந்த உண்மை வெளிவந்து இருபது ஆண்டுகளாகின்றன.

நீரிழிவு, விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. அவை கசியும், அடைபடும். பின்னர் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து வெடிக்கும். தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் குறைவதில்லை. பார்வையில் மாற்றம் தெரியும் நேரத்தில் சேதம் பெரிதும் நடந்து முடிந்திருக்கும். முன்கூட்டியே கண்டால் லேசர் சிகிச்சையாலும் கண்ணுக்குள் ஏற்றும் ஊசி மருந்தாலும் பெரும்பாலானோரின் பார்வையைக் காப்பாற்ற முடியும். பிந்திக் கண்டால், இருப்பதைத் தக்கவைப்பதே பெரும்பாடு. கண் அழுத்த நோயும் இப்படித்தான் ஓசையின்றி வரும். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாட்டைத் தடுத்திருக்கலாம் அல்லது இன்னும் சிகிச்சை அளிக்கப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது.

வைத்திய வசதி நிறைந்த நோர்வேயில் எமக்கு இது ஏன் நடக்க வேண்டும்? இங்கே மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 50 முதல் 69 வயதுப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அழைப்புக் கடிதம் வீடு தேடி வருகிறது. நீரிழிவாளரின் விழித்திரைப் பரிசோதனையோ பெரும்பாலும் குடும்ப வைத்தியர் அனுப்பி வைப்பதிலேயே தங்கியிருக்கிறது. அவர் மறந்தால், நாமும் கேளாவிட்டால், ஆண்டுகள் ஓடிவிடும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 2003இலிருந்து நீரிழிவாளர்களை அழைத்து விழித்திரையைப் படம் பிடிக்கும் திட்டம் படிப்படியாக விரிந்தது. உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாக ஐந்து தசாப்தங்கள் இருந்த நீரிழிவு விழித்திரை நோய் அந்த இடத்தை இழந்துவிட்டதாக 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. இலண்டனில் உள்ள எம் உறவினருக்குக் கடிதம் வருகிறதென்றால், குரூருட் பகுதியில் வாழும் எமக்கும் அது வரவேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கையே. தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இது.

ஆனால் அரசு செய்யும்வரை கண் காத்திருக்காது. எம் பக்கத்திலும் குறை உண்டு. கண்ணாடிக் கடையில் இலக்கம் பார்த்ததை முழுக் கண் பரிசோதனை என்று எண்ணிக்கொள்கிறோம். "சீனி கட்டுப்பாட்டில்தான் இருக்கு" என்று சமாளிக்கிறோம். வாடகை வண்டியும் பேருந்தும் ஓட்டுவோர், கண்ணில் பிழை கண்டால் அனுமதிப்பத்திரம் போய்விடுமோ என்று ஒளிக்கிறார்கள். அந்தப் பயம் விளங்கக்கூடியது. ஆனால் தொழிலைக் காப்பாற்றும் வழியும் நேரத்தோடு பரிசோதிப்பதுதான்.

மொழி இன்னொரு தடை. அம்மாவின் நோயை வைத்தியருக்கு விளக்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் வழக்கம் இன்னும் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவைப்படும் இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் கடமையைப் பொது நிறுவனங்கள் மீதே வைக்கிறது. பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்துவதையும் அரிதான விதிவிலக்குகள் தவிரத் தடுக்கிறது. தமிழில் விளக்கம் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

ஆகவே இந்த வாரமே வீட்டிலுள்ள நீரிழிவாளரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "கடைசியாக எப்போது விழித்திரையைப் பார்த்தார்கள்?" பதில் தெரியாவிட்டால் குடும்ப வைத்தியருக்குத் தொலைபேசி எடுப்போம். ஆலயமும் தமிழ்ப் பாடசாலையும் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால், இன்னும் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும்.

பனியிலும் இருளிலும் எம்மை வளர்த்தவர்கள் பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தே முதுமையைக் கழிக்க வேண்டும்.