ஊசி போட்ட கை எங்கே போனது?

காது கேட்காமல் போனவருக்கு வயது பதினெட்டைத் தாண்டிவிட்டால் காக்ளியர் கருவி பொருத்த அரசு உதவாது என்ற விதியை இன்னும் யாரும் தொடவில்லை. மத்திய அரசின் திட்டத்தில், பேச்சு வருமுன்னே செவித்திறன் இழந்த குழந்தைக்கு 5 வயது வரை. பேசப் பழகிய பிறகு இழந்தவருக்கு 18 வயது வரை. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டமோ 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. குழந்தைகளுக்கு முன்னுரிமை என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. அந்த முன்னுரிமையை நாமும் ஏற்கிறோம். மொழி மூளையில் பதியும் பருவம் கடந்துவிட்டால், பிறவியிலேயே கேளாத பிள்ளைக்குக் கருவி வைத்தும் பெரிய பயன் இராது. அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் 'முதலில்' என்பது வேறு, 'மட்டும்' என்பது வேறு. முன்னுரிமை என்று தொடங்கியதைத் தடைச்சுவராக எழுப்பிவிட்டார்கள். அந்தச் சுவருக்கு வெளியே நிற்பவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு, காது போனதே அரசு மருத்துவமனையில் போட்ட ஊசியால்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இந்த நாட்டில் பல ஆண்டுகள் கனாமைசின் ஊசி போடப்பட்டது. வாரத்தில் 6 நாள், குறைந்தது 6 மாதம். இடுப்பு மரத்து, உட்கார முடியாமல், ஆனாலும் பிழைத்தால் போதும் என்று வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். பிழைத்தவர்களில் கணிசமானோருக்கு நுரையீரல் மீண்டது, காது மீளவில்லை. நாங்கள் கேட்பது அவர்களைப் பற்றி. நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கண்காணிக்க ஆள் போட்ட அரசு, அந்த மருந்து நோயாளியை என்ன செய்கிறது என்று கண்காணிக்க எத்தனை ஊர்களில் ஆள் போட்டது?

இந்த ஊசி காதை எப்படிக் கெடுக்கிறது என்பது புரியாத மர்மமில்லை. உள்காதின் நத்தைக்கூட்டில் காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்புவது அவைதான். ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிக்காசின், ஜென்டாமைசின் எல்லாம் ஒரே குடும்பம். அதிர்வை உள்வாங்கும் அதே வாசல் வழியாக இந்த மருந்து அந்தக் கலத்துக்குள் நுழைகிறது. உள்ளே தங்கி, கலத்தைக் கொல்கிறது. மனிதரில் செத்த மயிர்க்கலம் திரும்ப முளைக்காது. ஊசியை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் சேதம் தொடரலாம்.

முதலில் போவது உச்ச ஒலிகள். குருவியின் கீச்சு கேட்காது, 'ஸ்' ஒலி நழுவும். ஆனால் எதிரே உட்கார்ந்து பேசுபவரின் குரல் நன்றாகக் கேட்கும். அதனால் "காது சரியாகக் கேட்கிறதா?" என்று டாக்டர் கேட்டால் நோயாளி தலையாட்டுவார். ஆடியோமெட்ரி கருவியில் குறைந்தது 8,000 ஹெர்ட்ஸ் வரையாவது சோதித்தால்தான் ஆபத்து தொடங்கியது தெரியும். அப்போதே மருந்தை மாற்றியிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். நோயாளியே வந்து "எதுவும் கேட்கவில்லை" என்று சொல்லும் வரை காத்திருந்துவிட்டு அதன்பின் சோதிப்பது, வீடு எரிந்து முடிந்தபின் தண்ணீர் தேடுவது. அரை மணி நேரச் சோதனை அது. பல ஊர்களில் அது நடக்கவே இல்லை.

தெரியாமல் செய்துவிட்டோம் என்றும் சொல்ல வழியில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், 1940களின் நடுவிலேயே தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் பதிவு செய்துவிட்டார்கள். 1952-இல் ஓர் அமெரிக்க மருத்துவர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தம் கதையை எழுதினார். முழங்கால் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்துக்கொண்டவர் அவர். உள்காதின் சமநிலை உறுப்பு செயலிழந்துவிட்டது. படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கப் பார்த்தால், நாடித் துடிப்பில் தலை அசையும் அந்த அணுவளவு அசைவுக்கே எழுத்துகள் குதித்தன. கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையைச் சொருகி அசையாமல் பிடித்துக்கொண்டு படித்தார். நடந்தால் தெருவே ஆடியது. காது கேளாமையைவிடவும் இது வெளியே தெரியாத ஊனம். இருட்டில் கழிப்பறைக்குப் போக முடியாது, கூட்டத்தில் திரும்பிப் பார்த்தால் விழுவார், பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்பார்கள். இத்தனையும் ஒரு மருத்துவரே எழுதி வைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இப்போது மறுபடி அந்த வயது வரம்புக்கு வருவோம். காக்ளியர் கருவி செத்த மயிர்க்கலங்களைத் தாண்டி நேராகச் செவி நரம்பைத் தூண்டுகிறது. ஊசி கொன்றது மயிர்க்கலத்தைத்தான். நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. மொழியை ஏற்கெனவே அறிந்த மூளை அந்தப் புதிய ஒலியைப் பழகிக்கொள்கிறது. அதாவது இந்தக் கருவியால் நிச்சயமாகப் பலன் பெறக்கூடியவர்கள் யார் என்று பட்டியல் போட்டால், ஊசியால் காதை இழந்த இந்த இளைஞர்கள் அதில் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைத்தான் விதி வெளியே தள்ளுகிறது. தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவைச் சேர்ந்த பூமேசா டிசிலே காசநோய் ஊசியில் காதை இழந்தவர். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டு மீண்டும் கேட்கத் தொடங்கினார். ஒரு நோயாளி ஊரெல்லாம் கையேந்தித்தான் செவித்திறனை மீட்க வேண்டும் என்றால், ஊசி போட்ட கைக்கு என்ன பொறுப்பு மிஞ்சுகிறது?

மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் 2013-இல் இருபத்து நான்கு வயதில் காசநோய் ஊசியால் செவித்திறனை இழந்தார். அவரும் டிசிலேயும் சேர்ந்து 2019-இல், ஊசிக்கு மாற்றாக வந்த பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கும் மனுவை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் நமது காப்புரிமை அலுவலகம் அந்த மனுவை நிராகரித்தது. காது போன இரண்டு பெண்கள், மற்றவர்களின் காது போகாமலிருக்க நான்கு ஆண்டு போராடினார்கள். இது யார் செய்திருக்க வேண்டிய வேலை?

சட்டமும் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரு காதிலும் பேச்சு ஒலி அலைவரிசைகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் வரும். உச்ச ஒலிகளை மட்டும் முழுதாக இழந்தவருக்குச் சான்றிதழ் எட்டாக்கனி. சமநிலை இழந்தவர் கதி இன்னும் மோசம். சட்டம் அடுக்கும் 21 வகை ஊனங்களில் அவருடையது இல்லவே இல்லை. நடக்கத் தள்ளாடுகிறவரிடம் "உங்களுக்கு ஊனமில்லை" என்று சொல்லும் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சமநிலை உறுப்புக்கே ஒரு கருவியை 8 பேருக்குப் பொருத்திப் பார்த்த முடிவுகள் 2021-இல் வெளிவந்துவிட்டன. அவர்களில் பெரும்பாலானோர் இதே வகை மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள். ஆராய்ச்சி அந்த அளவுக்குப் போய்விட்ட உலகில், நாம் இன்னும் அந்தப் பாதிப்பை எழுத ஒரு கட்டத்தைக்கூடச் சான்றிதழ் படிவத்தில் சேர்க்கவில்லை.

முடிவெடுப்பவர்களின் பழைய கணக்கைப் பார்த்தால் இது ஆச்சரியம் தராது. நோய் திரும்பி வந்தவர்களுக்கு, முதல் சிகிச்சையின் மேல் 2 மாத ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைக் கூட்டும் முறை பல்லாண்டு நடந்தது. நிபுணர் கருத்தை நம்பி வகுத்த முறை அது; முறையான ஒப்பீட்டு ஆய்வு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. அதை விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொன்ன பிறகுதான் விட்டார்கள். காசநோய் மருந்தைத் தினமும் கொடுக்க வேண்டும் என்பதற்குக்கூட இங்கே உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தலையிட வேண்டி வந்தது. அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே. பெடாகுயிலின் 2016-இல் வந்தபோது நாடு முழுவதற்கும் 6 மையங்கள். பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண்ணுக்கு, இந்த ஊர்க்காரியில்லை என்று மறுத்தார்கள். நீதிமன்றப் படியேறித்தான் அந்த மாத்திரை அவர் கைக்கு வந்தது. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் முழங்கினார்கள். 2025 வந்தது, போனது, நோய் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு அவர்களுடையது, தாமதத்தின் விலை நோயாளியுடையது.

ஊசியை நிறுத்திய விவகாரமும் அப்படித்தான். 2018 ஜூனில் தென்னாப்பிரிக்கா, ஊசிக்குப் பதில் பெடாகுயிலின் என்று அறிவித்தது. அந்த ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் கனாமைசினைக் கைவிடச் சொன்னது. நம்மைவிட வசதி குறைந்த பல நாடுகள் அதைப் பார்த்துத் திட்டமிடத் தொடங்கின. இங்கே 2021 வழிகாட்டியில்தான் ஊசியில்லாத குறுகிய சிகிச்சை இடம்பெற்றது, அதுவும் கட்டம் கட்டமாக. இடைப்பட்ட மாதங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களை யார் எண்ணினார்கள்? சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, காசநோயாளியைச் சானடோரியத்தில் பூட்டிவைக்க வேண்டாம், வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. அப்படிப்பட்ட அறிவு வளர்ந்த மண் இது. ஆராய்ச்சியாளர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் வேதனை.

இனியும் நிதி இல்லை என்று சொல்ல வேண்டாம். காக்ளியர் கருவிக்குச் சில லட்சம் ஆகும் என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. பலருக்குக் காது மெஷினே போதும், சமநிலை இழந்தவருக்கு முறையான பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் பெரிய உதவி. யாருக்கு எது தேவை என்று தெரிந்தால்தானே செலவு தெரியும்? இன்றுவரை எத்தனை பேர் என்ற கணக்கே வெளியிடப்படவில்லை. கணக்கெடுக்காமலே செலவு அதிகம் என்பது, கேட்க மறுப்பதற்குச் சொல்லும் சாக்கு.

காசநோயாளிகளுக்கான நிக்ஷய் பதிவேடு 2012 முதல் இருக்கிறது. எந்த நோயாளி, எந்த ஊர், எந்தச் சிகிச்சை என்ற பதிவுகள் அரசின் கையில் உள்ளன. பெயர்களைத் தேடி எடுத்து, வீட்டுக்கு வீடு போய், காதைச் சோதித்து, வேண்டியதைச் செய்து தர ஏதாவது ஒரு வழியை உடனே காண வேண்டும். அந்த வழியில் பதினெட்டு என்ற எண் குறுக்கே நிற்கக் கூடாது. அமிக்காசின் இன்னும் சில நோயாளிகளுக்குத் தேவைப்படுகிறது. நாளை காலையும் ஏதோ ஒரு வார்டில் ஒரு செவிலியர் அந்த மருந்துக் குப்பியை உடைப்பார், ஊசியில் ஏற்றுவார். அந்த நோயாளியின் காதை அதற்கு முன் யாராவது சோதித்திருக்க வேண்டும்.