வஞ்சியில் கொண்ட ஆணுரு: ஒரு மறுப்பு

அச்சமூட்டும் சூழலில் இளம்பெண்ணின் அகத்தையும் பெண்களின் உடன்பிறப்புணர்வையும் பால் அடையாளத்தையும் பேசும் கதை, மேலைநாட்டுக் கோதிக் புதினத்தின் வழியே தமிழுக்கு வந்தது என்பாருளர். மணிமேகலையின் முப்பது காதைகளையும் கற்றோர் இதனை ஏற்கார்.

சுடுகாட்டில் பேய்மகளைக் கண்டு அஞ்சி உயிர்நீத்த சார்ங்கலன் கதையைச் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை கூறுகின்றது. அதனை இரவில் கேட்பவள் சுதமதி. மணிமேகலைக்கு உறுதுணையாக உவவனம் சென்ற அவளைத் துணைப்பாத்திரம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

போர்த்துக்கீசியர் 1555 அளவில் கட்டிய மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களில் மோகினி இடம்பெறுகின்றாள். ஆண்தெய்வம் மயக்குதற்குப் பெண்ணுருக் கொள்வதைக் கலைமரபு எனப் போற்றுகிறோம். மணிமேகலை வஞ்சியில் மாதவன் வடிவு கொண்டதையோ மந்திரச் செயல் என ஒதுக்குகிறோம். அவ்வஞ்சி மட்டாஞ்சேரிக்கு வடக்கேயுள்ள கொடுங்கோளூரா, கருவூரா என வாதிட்டு ஏடுகளை நிரப்பினோம்; அங்கு ஒரு பெண் ஏன் ஆணுருக் கொள்ள நேர்ந்தது என வினவினோமில்லை.

இளம்பெண்ணுக்குச் சமயக்கணக்கர் தத்தம் பொருளை உரையார் என்பதே காப்பியம் கூறும் காரணம். கற்கப் பெண்மை தடையாயிற்று என்பதன்றோ இதன் பொருள்? காஞ்சியில் அவள் அவ்வேற்றுருவைக் களைந்தே அறவணரிடம் மெய்ப்பொருள் கேட்கின்றாள். ஆதலின் இதனைப் பால்மாற்றக் கதை என முத்திரையிடல் பொருந்தாது. பெண் பெண்ணாகவே நின்று அறியும் உரிமையைக் கோரும் கதை என்பதே பொருந்தும். அமுதசுரபியை மட்டும் பயிற்றி இப்பகுதியை விடுக்கும் வகுப்பறை, சமயக்கணக்கர் செய்ததையே மீண்டும் செய்கின்றது.