மோட்டாரைத் தூக்குமுன் நாலு கம்பி போட்டு அளந்து பாருங்கள்

கேள்வி: என் போர்வெல்லில் 5 எச்.பி. மூன்று பேஸ் நீர்மூழ்கி மோட்டார் 300 அடியில் தொங்குகிறது. பத்து நாளாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓவர்லோடு ரிலே விழுந்துவிடுகிறது. என் மகன் வாங்கி வைத்திருந்த கையடக்க எல்சிஆர் மீட்டரால் ஸ்டார்ட்டரில் அளந்தோம். ஆர்-ஒய் 5.3, ஒய்-பி 5.9, பி-ஆர் 6.0 ஓம். கிளிப்பைக் கொஞ்சம் அசைத்தால் எண் மாறுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, 'ஒரு காயில் போய்விட்டது, தூக்கிவிடலாம்' என்கிறார். வாழை குலை தள்ளும் நேரம். தூக்கவா, வேண்டாமா?
– ஒரு வாசகர், தாராபுரம் வட்டம்

பதில்: வழக்கமாக இந்தப் பகுதிக்கு வாழையைப் பற்றிக் கேள்வி வந்தால் அது வாடல் நோயாகவோ கூன் வண்டாகவோ இருக்கும். இந்த முறை வாழைக்கு வந்த நோய் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கிறது. நான் படித்தது வேளாண்மை, மின்சாரம் அல்ல. ஆனாலும் முப்பது வருடம் தோட்டம் தோட்டமாகப் போனவனுக்கு மோட்டார் ரூமைத் தாண்டாமல் வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. இன்னும் தூக்க வேண்டாம். உங்கள் மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். பி கலந்த இரண்டு அளவும் ஏறியிருக்கின்றன. பி இல்லாத ஆர்-ஒய் மட்டும் இறங்கியிருக்கிறது. ஆகவே குறை பி வழியில் எங்கோ இருக்கிறது. அது காயிலாக இருக்கலாம். தண்ணீருக்குள் இருக்கும் கேபிள் ஜாயின்டாக இருக்கலாம். ஸ்டார்ட்டரில் உங்கள் கண் முன்னால் இருக்கும் லக்காகவும் இருக்கலாம். மீட்டரின் இரண்டு கம்பியை ஸ்டார்ட்டர் திருகில் மாட்டி அளந்தால் இவை எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் தெரியும். போதாததற்கு மீட்டர் கம்பியின் ஓமும், கிளிப் கடிக்கும் இடத்தின் ஓமும் அதோடு சேரும். அசைத்தால் எண் மாறுகிறது என்றீர்களே, அது இந்தக் கடைசி இரண்டின் வேலை.

நிலத்தடி நீர் பார்க்க வருகிறவர்கள் காட்டில் நான்கு இரும்புக் கம்பி ஊன்றுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓரத்துக் கம்பிகள் இரண்டிலும் மின்சாரம் விடுவார்கள்; நடுக்கம்பிகள் இரண்டில் வோல்ட்டை மட்டும் அளப்பார்கள். இரண்டே கம்பி போட்டால் போதாதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். போதாது. காய்ந்த மண்ணில் கம்பி தொடும் இடத்திலேயே ஏகப்பட்ட மின்தடை இருக்கும். இரண்டே கம்பி என்றால் அளப்பது பெரும்பாலும் அந்தத் தொடுமிடத்தைத்தான். கீழே உள்ள பாறையை அல்ல. வோல்ட் அளக்கும் நடுக்கம்பிகளில் கரன்ட் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம். கரன்ட் ஓடாத இடத்தில் எவ்வளவு ஓம் இருந்தாலும் வோல்ட் குறையாது. அதனால் தொடுமிடம் கணக்கில் வராமல் போகிறது.

இதையே சின்ன அளவில் செய்வதுதான் கெல்வின் முறை. 1860களின் தொடக்கத்தில் சிறு மின்தடைகளை அளக்க வழி கண்ட வில்லியம் தாம்சன்தான் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். வெப்பநிலை அளவுக்கு இருக்கும் பெயரும் அவருடையதே. அளக்கும் பொருளின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கம்பி: ஒன்று கரன்ட் கொண்டுபோக, மற்றது வோல்ட் பார்க்க. கிளிப்பின் இரண்டு தாடையும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி உலோகமாக இருந்தால் அது கெல்வின் கிளிப். சாதாரண குரோக்கடைல் கிளிப்பில் ஆணியும் ஸ்பிரிங்கும் இரண்டு தாடையையும் இணைத்துவிடுவதால் அது உதவாது.

கடையில் விற்கிறது. ஆனால் துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டு இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய மூன்று முனை பிளக்கிலோ டிரான்ஸ்பார்மரிலோ கிடைக்கும் செம்பு அல்லது பித்தளைத் தகட்டை 8 மில்லிமீட்டர் அகலத்தில், 3 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு துண்டாக வெட்டுங்கள். வாயின் உள்பக்கம் தாடைக்கு ஒன்றாக அரால்டைட் போட்டு ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். தகட்டின் வால் ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். கிளிப் சும்மா மூடியிருக்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொடுவதில் தப்பில்லை. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மெல்லிய ஒயரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். தகட்டை ஒட்டிய பிறகு பற்றவைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், முன்பே செய்துவிடுங்கள். கம்பி 60 சென்டிமீட்டர் போதும். ஆர்ஜி-174 என்ற மெல்லிய ஷீல்டு கேபிள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மோட்டார் காயிலுக்கு சாதாரண ஒயரே போதும். மிகச் சிறிய கண்டன்சர்களை அளக்கும்போதுதான் ஷீல்டு அவசியம். ஷீல்டு போட்டால் மீட்டர் பக்கம் மட்டும் கார்டு முனையில் சேருங்கள், கிளிப் பக்கம் வெட்டி மூடிவிடுங்கள்.

மீட்டர் பக்கம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். சில கையடக்க எல்சிஆர் மீட்டர்களில் ஒவ்வொரு பிளவுக்குள்ளும் இரண்டு பக்கமும் தகடு இருக்கும். ஒன்று கரன்ட், மற்றது வோல்ட். இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய 1.6 மில்லிமீட்டர் பிசிபி அட்டையைக் கத்திபோல் வெட்டிச் செருகினால், அட்டையின் ஒரு முகம் ஒரு கம்பிக்கும் மறுமுகம் மற்றதற்கும் ஆயிற்று. உங்கள் மீட்டர் அந்த வகைதானா என்று அதன் கையேட்டில் பாருங்கள். பிளஸ் அட்டையின் இரண்டு கம்பியும் ஒரே கிளிப்புக்கு, மைனஸ் அட்டையின் இரண்டும் மற்ற கிளிப்புக்குப் போக வேண்டும். ஒரு கிளிப்புக்குள் எந்தத் தாடை கரன்ட், எது வோல்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மாறினாலும் அளவு மாறாது. பிளஸ்ஸும் மைனஸும் கலந்துவிடாமல் பார்த்தால் சரி. இரண்டு கரன்ட் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, இரண்டு வோல்ட் கம்பிகளைத் தனியாக முறுக்கி, கடைசி ஒரு சாண் மட்டும் பிரித்துவிடுங்கள்.

செய்து முடித்ததும் சோதிக்காமல் மோட்டாருக்குப் போகாதீர்கள். இரண்டு கிளிப்பையும் சுரண்டிய ஒரே செம்புத் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, மீட்டரில் உள்ள 'ஷார்ட்' சரிசெய்தலைச் செய்யுங்கள். பிறகு 1 சதுர மில்லி செம்பு ஒயர் 10 மீட்டரின் இரண்டு முனையிலும் மாட்டி டிசிஆர் அளவில் பாருங்கள். 0.18 முதல் 0.2 ஓமுக்குள் வர வேண்டும். கிளிப்பை அசைத்தாலும் எண் அப்படியே நிற்க வேண்டும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு கரன்ட் கம்பியை நடுவில் வெட்டி 1 ஓம் ரெசிஸ்டரைக் கோத்துப் பாருங்கள். அளவு மாறவில்லை என்றால் உங்கள் நாலு கம்பி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இனி மோட்டாரில். மெயினை இறக்கிவிட்டு மூன்று பியூஸ் கேரியரையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாப் பட்டனை நம்பி யாரும் கை வைக்காதீர்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். லைன் வந்ததும் அது உங்களைக் கேட்டுக்கொண்டு ஸ்டார்ட் ஆவதில்லை. பிறகு மோட்டார் கேபிளின் மூன்று கம்பியையும் ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, லக்கைத் தாண்டி உள்ளே உள்ள செம்பைச் சுரண்டி, அதில் கிளிப்பை மாட்டுங்கள். எல்சிஆர் மீட்டரை டிசிஆரில் வையுங்கள். 1 கிலோ ஹெர்ட்ஸில் 'ஆர்' என்று காட்டுவது காயிலின் ஓம் அல்ல; இரும்பின் இழப்பும் ரோட்டாரின் பங்கும் அதில் கலந்திருக்கும். மோட்டார் ஓடி நின்றவுடனே அளக்காதீர்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும், 40 டிகிரி சூட்டில் 16 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும்.

300 அடி என்றால் 90 மீட்டர் சொச்சம். 2.5 சதுர மில்லி கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 7.5 மில்லி ஓம். போக வர இரண்டு கம்பிக்குமாக 1.35 ஓம் அளவில் கேபிளுக்கே போய்விடும். நீங்கள் பார்க்கும் எண்ணிலிருந்து அதைக் கழித்தால்தான் காயிலின் அளவு. எத்தனை கெல்வின் கிளிப் போட்டாலும் கிணற்றுக்குள் தொங்கும் கேபிளை அது கழிக்காது. கம்பெனிக்குக் கம்பெனி காயில் அளவு மாறும் என்பதால், நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மூன்று ஜோடியும் சமமாக இருக்கிறதா என்பதைத்தான்.

இந்த வாசகருக்கு இதையெல்லாம் முதலில் தபாலில் எழுதினேன். மறு வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. செம்பில் மாட்டி அளந்தபோது 5.16, 5.17, 5.19. மூன்றும் சமம். காயிலும் சரி, கீழே உள்ள ஜாயின்டும் சரி. பி கம்பியின் லக்கைப் பார்த்தால் கறுத்துப்போய், திருகு தளர்ந்திருந்ததாம்.

அந்த லக்கில் மட்டும் 0.6 ஓம் என்று வையுங்கள். 5 எச்.பி. மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே 38 வாட்ஸ் சூடு பிறக்கும். அது ஈயம் பற்றவைக்கும் இரும்பின் சூடு. பக்கத்திலேயே இருக்கும் ஓவர்லோடு ரிலே சூட்டால் வளைந்து விழும் சாதனம்; கரன்ட்டின் சூட்டோடு லக்கின் சூட்டையும் வாங்கிக்கொண்டால் விழாமல் என்ன செய்யும்? போதாததற்கு அந்த பேஸில் 5 வோல்ட் வரை குறையும். மூன்று பேஸ் வோல்ட்டில் சின்ன ஏற்றத்தாழ்வு வந்தாலே கரன்ட்டில் அதைப்போல் பல மடங்கு ஏற்றத்தாழ்வு வரும். கம்பியை நறுக்கிப் புது லக் போட்டு, காண்டாக்டையும் மாற்றியதும் ரிலே விழவில்லை என்று எழுதியிருக்கிறார். வாழைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கம்பி மீட்டர் காட்டிய எண்ணை வைத்து அவர் சொன்னது நியாயமான ஊகம்தான். ஆனால் வண்டி வைத்துக் குழாய் குழாயாகக் கழற்றித் தூக்கி, மறுபடி இறக்கும் செலவு ஊகத்துக்குச் செய்யக்கூடிய செலவு அல்ல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓம் மூன்றும் சமமாக இருப்பதால் மட்டும் மோட்டார் நல்லது என்று ஆகிவிடாது. தண்ணீருக்குள் கசிவு இருந்தால் இந்த மீட்டருக்குத் தெரியாது. அதற்கு 500 வோல்ட் மெகர் வேண்டும். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் தூக்கத்தான் வேண்டும். காயிலுக்குள் ஒன்றிரண்டு சுற்று ஒட்டிக்கொண்டாலும் ஓம் அதிகம் மாறாது. அதற்கு எல்சிஆர் மீட்டரை 100 ஹெர்ட்ஸில் வைத்து மூன்று ஜோடியின் இண்டக்டன்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரோட்டார் நிற்கும் நிலையைப் பொறுத்துச் சிறிது மாறுவது இயல்பு. ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் சந்தேகப்படலாம்.

எல்சிஆர் மீட்டர் இல்லாதவர்களுக்கு: டிராக்டர் பேட்டரி, 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு மல்டிமீட்டர் போதும். பேட்டரி, பல்பு, 10 ஆம்பியர் அளவில் வைத்த ஒரு மீட்டர், காயில் என்று வரிசையாகக் கோத்துவிடுங்கள். இரண்டாவது மீட்டரை வோல்ட்டில் வைத்து அதன் முனைகளைக் காயிலின் செம்பிலேயே தனியாக வையுங்கள். 6.2 வோல்ட், 1.2 ஆம்பியர் என்றால் வகுத்துக்கொள்ளுங்கள்: 5.17 ஓம். இதுவும் நாலு கம்பிதான். பிரிக்கும்போது முதலில் வோல்ட் மீட்டரை எடுங்கள். பேட்டரி கம்பியை எடுக்கும் நொடியில் காயில் ஓர் உதை உதைக்கும், வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: சிங்கிள் பேஸ் மோட்டாரின் கண்டன்சரைப் பார்க்கவும் இந்தக் கிளிப் வேண்டுமா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: மைக்ரோ பாரட் அளவு மட்டும் தெரிய வேண்டுமானால் சாதாரணக் கம்பியே போதும். 50 மைக்ரோ பாரட் ரன் கண்டன்சர் 100 ஹெர்ட்ஸில் 32 ஓம் போல நடந்துகொள்ளும். அதன் முன்னால் கம்பியின் 0.2 ஓம் ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளிழப்பைக் காட்டும் 'டி' அளவைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு நாலு கம்பி அவசியம். நல்ல பிளாஸ்டிக் பிலிம் கண்டன்சரில் டி 0.001 அளவில் இருக்கும், கம்பியின் 0.2 ஓம் சேர்ந்தால் 0.006 கூடிவிடும். நல்ல கண்டன்சரைத் தூக்கிப் போட இது போதும்.

அளக்குமுன் கண்டன்சரைக் கழற்றி, 10 கிலோ ஓம், 10 வாட்ஸ் ரெசிஸ்டரை அதன் இரண்டு முனையிலும் பத்து விநாடி வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டன்சருக்கும் ஆகாது, உங்கள் கைக்கும் ஆகாது. சார்ஜ் உள்ள கண்டன்சரில் மீட்டரை மாட்டினால் மீட்டர் அப்போதே போய்விடும்.