பிறமொழிப் பாடத்தில் கதைக்கும் இடம் வேண்டும்

கதை கேட்க விரும்பாத குழந்தை உலகில் இல்லை. அந்திப் பொழுதில், லயத்து வீட்டு வாசலில், பாட்டியின் மடியில் தலைசாய்த்துக் காக்கையும் நரியும் பேசிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களே நம்மில் பலர். தமிழ் நம் நாவில் ஏறியது இலக்கணப் பயிற்சியினால் அன்று. தாலாட்டினாலும் கதையினாலுமே ஆகும். தமிழைப் பொறுத்தவரை இவ்வுண்மையை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், அதே குழந்தைக்கு மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் கற்பிக்க முற்படும்போது, கதையை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொற்பட்டியலையும் பயிற்சித்தாளையும் உள்ளே அழைத்துக்கொள்கிறோம். இது முறையன்று என்பதே என் தாழ்மையான கருத்து.

நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் குழந்தை மும்மொழிகளை ஒருங்கே எதிர்கொள்கிறது. நகரத்தில் வாழும் குழந்தை கடைத்தெருவிலும் அண்டை வீட்டிலும் பிறமொழிகளைக் கேட்கிறது. செம்பனைத் தோட்டத்தின் நடுவே வாழும் குழந்தைக்கு அவ்வாய்ப்புக் குறைவு. கடைக்குச் சென்றால் பேசுவதற்கு வேண்டிய சில மலாய்ச் சொற்களை அஃது அறியும். பாடநூலின் மலாய்மொழி வேறு. ஆங்கிலமோ தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஒலித்து மறையும் ஓசை மட்டுமே. பாடத்திட்டம் அதனை எப்பெயரிட்டு அழைத்தாலும், தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் உண்மையில் அயல்மொழியே.

ஆறாண்டுகள் கழித்து அப்பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே பாடங்கள் தமிழில் இல்லை. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத காரணத்தால், நம் மாணவர் பலர் தலைமுறை தலைமுறையாகப் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்திருக்கின்றனர். தமிழில் கணக்கைச் சரளமாகச் செய்தவன், அங்கே வினா புரியாமல் வாய்மூடி அமர்ந்திருக்கிறான். பிறர் அவனை மந்தமானவன் என்று கருதுகின்றனர். நாளடைவில் அவனும் தன்னைப் பற்றி அவ்வாறே எண்ணத் தொடங்குகிறான். பள்ளியை விட்டு இடையிலே நின்றுபோகும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இந்த மௌனமே முதற்படியாயிற்று என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அறிவர். ஆகவே, பிறமொழியை எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியர் அறையோடு முடிந்துபோகும் பேச்சன்று. அது நம் பிள்ளைகளின் வாழ்வைப் பற்றிய வினாவாகும்.

என் தவற்றையும் இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் நான் பணியாற்றிய பள்ளியில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதில் மலாய், ஆங்கிலப் படக்கதை நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. சாவி என்னிடம் இருந்தது. பிள்ளைகளின் கைபட்டால் நூல்கள் அழுக்காகிவிடும் என்று அஞ்சி, அலமாரியைப் பூட்டியே வைத்திருந்தேன். வருகையாளர் வரும்போது அதனைப் பெருமையோடு காட்டுவேன். பாடவேளையிலோ பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதச் சொல்வேன்.

ஒருநாள் கடும் மழை. இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரைச்சலை அடக்க வேறு வழி தோன்றாமல் அலமாரியைத் திறந்து, சின்னச் சிவப்புக் கோழியின் கதையை எடுத்துப் படங்களைக் காட்டிப் படித்தேன். கோழி விதைக்க அழைக்கிறது, அறுக்க அழைக்கிறது, மாவரைக்க அழைக்கிறது. மற்ற விலங்குகள் ஒவ்வொரு முறையும் மறுக்கின்றன. ‘இன்னொரு முறை, சார்’ என்றனர் பிள்ளைகள். மூன்றாம் முறை படிக்கும்போது, ஆங்கிலப் பாடத்தில் அதுவரை வாய் திறவாத மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், அந்த மறுப்பு வரியை எனக்கு முன்பே உரக்கச் சொன்னான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அவன் சொன்னது ஒரே வரிதான். ஆயினும் பிழையின்றி, உரிய இடத்தில், உரிய தொனியோடு சொன்னான். ஓராண்டுக் காலம் நான் அவன் நோட்டுப் புத்தகத்தில் போட்ட சிவப்பு மைக் குறிகளால் ஆகாதது, ஒரு கோழியால் ஆயிற்று. அன்று முதல் அந்த அலமாரியை நான் பூட்டவில்லை.

கதை எவ்வாறு மொழியைக் கற்பிக்கிறது? முதலாவதாக, படம் பொருளை உணர்த்திவிடுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் கூறி இடையிலே நிறுத்த வேண்டியதில்லை. இரண்டாவதாக, ஒரே வாக்கியம் மீண்டும் மீண்டும் வருவதால், மனப்பாடம் செய்யாமலே மனத்தில் பதிகிறது. மூன்றாவதாக, ‘அடுத்து என்ன நேருமோ’ என்ற ஆவல் பிள்ளையை உற்றுக் கேட்கச் செய்கிறது.

மலாய்மொழிப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மலாயில் எண்ணும்போது விலங்கிற்கு ‘ஏக்கோர்’ என்றும், மனிதருக்கு ‘ஓராங்’ என்றும், பல பொருள்களுக்கு ‘புவா’ என்றும் எண்ணோடு ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். தமிழில் இவ்வழக்கம் இல்லாமையால் நம் பிள்ளைகள் அதனை விட்டுவிடுகின்றனர். எத்தனை பயிற்சித்தாள் கொடுத்தாலும் பிழை குறைவதில்லை. இப்போது சாங் கஞ்சில் என்னும் சருகுமானின் கதையைப் பாருங்கள். ஆற்றைக் கடந்து பழம் தின்ன விரும்பும் சருகுமான், அரசரின் கட்டளை என்று கூறி முதலைகளை வரிசையாக நிற்கச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாவி எண்ணிக்கொண்டே அக்கரை சேர்கிறது. ‘ஏக்கோர்’ என்ற சொல்லுக்கு ‘வால்’ என்றே பொருள். படத்தில் முதலைகளின் வாலைத் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகள் எண்ணட்டும். இலக்கண விதி விளையாட்டாகவே நாவில் ஏறிவிடும்.

ஆங்கிலத்திலும் இத்தகைய நூல்கள் உண்டு. எரிக் கார்ல் என்பார் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட பசித்த புழுவின் கதையில், திங்களன்று ஒரு கனி, செவ்வாயன்று இரண்டு கனி என்று புழு தின்றுகொண்டே போகிறது, இறுதியில் வண்ணத்துப்பூச்சியாகிறது. கிழமைகளின் பெயர், எண்ணுப்பெயர், கனிகளின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே கதையில் அடங்கிவிடுகின்றன.

இது புதுமோகம் என்று எவரேனும் கருதினால், அது சரியன்று. கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658ஆம் ஆண்டிலேயே, இலத்தீன் மொழியைச் சிறுவர்க்குக் கற்பிப்பதற்காகப் படங்களோடு கூடிய பாடநூலை வெளியிட்டார். நமக்கு இன்னும் அணுக்கமான சான்று பிஜித் தீவில் கிடைக்கிறது. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு அது. அங்குள்ள கிராமப்புறப் பள்ளிகளில் ஆங்கிலம், நம் தோட்டங்களில் இருப்பது போலவே, வீட்டில் ஒலிக்காத மொழி. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் இரு கல்வியாளர்கள் எட்டுப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏறத்தாழ 250 ஆங்கிலப் படக்கதை நூல்களை வழங்கிப் படிக்கச் செய்தனர். எட்டு மாதங்களில், படித்து உணர்வதிலும் கேட்டு உணர்வதிலும் அம்மாணவர்கள் வழக்கமான வளர்ச்சியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறினர் என்று 1983ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நமக்கு அண்டையில் பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரும், 1985ஆம் ஆண்டு முதல், ஆசிரியரும் மாணவரும் பெரிய அளவுப் புத்தகத்தைச் சேர்ந்து படிக்கும் முறையைத் தொடக்க வகுப்புகளில் புகுத்தியது. கரும்புத் தோட்டத்துப் பிள்ளைக்கு இயன்றது, செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இயலாதா?

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளையும் நான் அறியாதவன் அல்லன். ‘பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை; கதைக்கு ஏது நேரம்?’ என்பர் சக ஆசிரியர்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் அக்கூற்றில் ஓரளவு நியாயம் இருந்தது. அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் பயிற்சித்தாள்கள் நீங்கவில்லை. தேர்வு எந்தப் பெயரில் வந்தாலும், மொழி அறிந்த பிள்ளைக்கு அச்சமில்லை என்பதை நாம் மறத்தலாகாது. வாரத்தில் இரண்டு முறை, பதினைந்து நிமிடம் போதும். நான் வேண்டுவது அவ்வளவே.

‘வெளிநாட்டு நூல்களில் நம் வாழ்க்கை இல்லையே’ என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. 2018ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு ஆங்கிலப் பாடத்திற்கு வெளிநாட்டுப் பாடநூல் வந்தபோது, நம் நாட்டுச் சூழல் அதில் இல்லை என்ற குறை பலரிடமிருந்தும் எழுந்தது. அதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. மணிலா அட்டையும் வண்ணக் குச்சிகளும் இருந்தால், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நூல் செய்யலாம். அதிகாலைப் பெரட்டு, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, கோயில் திருவிழா, மழையில் நிரம்பிய கால்வாய் என நம்மைச் சுற்றிலும் கதைகள் உள்ளன. பக்கத்திற்கு ஒரு படம், ஒரு வாக்கியம், எட்டுப் பக்கம். தாம் செய்த நூலைப் பிள்ளைகள் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை.

‘பிறமொழிக் கதையில் ஆழ்ந்தால் தமிழ் தேயுமே’ என்று தமிழ்ப்பற்றுடையோர் கவலைப்படலாம். நான் அவ்வாறு அஞ்சவில்லை. தமிழில் நிறையக் கதை கேட்ட பிள்ளையே பிறமொழிக் கதையையும் எளிதில் பிடித்துக்கொள்கிறது. கதைகளுக்கு மொழிவேலி இல்லை என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, பஞ்சதந்திரக் கதைகளை 1835ஆம் ஆண்டில் மலாய்மொழியில் ஆக்கினார். அவர் மூலமாகக் கொண்டது தமிழ்ப் பஞ்சதந்திரத்தையே. குரங்கு முதலையை ஏய்த்த கதையைத் தமிழில் கேட்ட பிள்ளைக்கு, சருகுமான் முதலையை ஏய்த்த கதை அந்நியமாகத் தோன்றுமா? உறவினர் வீட்டுக் கதையாகவே தோன்றும். ஆகவே, முதலில் தமிழில் சொல்லுங்கள். பிறகு மலாயில் படியுங்கள். தமிழ் இங்கே பாலமாகிறது. பாலத்தை எவரும் இடிப்பதில்லை.

நடைமுறையில் சிலவற்றை மட்டும் கவனித்தல் நன்று. சொற்கள் குறைந்ததாகவும், ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதாகவும் உள்ள நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் அட்டைப் படத்தைக் காட்டி, என்ன நடக்கும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் செய்ய வேண்டும். முதல்முறை நிறுத்தாமல் படித்துவிட வேண்டும். வாக்கியத்திற்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் கதை இறந்துவிடும். அதே நூலை ஒரு வாரத்தில் மூன்று முறையேனும் படித்தபின், பிள்ளைகள் அதனை நடித்துக் காட்டட்டும். கதை முடிந்தவுடன் வினாத்தாளை நீட்டலாகாது. இறுதியாக, நூலை வீட்டிற்குக் கொண்டுசெல்ல விட வேண்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கிழிசலும் இல்லாத நூலகத்தைக் காணும்போது, எனக்கு இப்போது மகிழ்ச்சி உண்டாவதில்லை.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. 1956ஆம் ஆண்டில் நம் ஜொகூர் பாருவில் தோன்றிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா மலாய்மொழியில் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. சென்னையில் 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படநூல்களை வெளியிட்டு வருகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவிற்கு வாங்கும் கோப்பைகளுள் சிலவற்றைக் குறைத்து, அத்தொகைக்கு நூல்களை வாங்கலாகாதா? கோப்பை ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும். நூல் ஒரு பள்ளி முழுவதையும் சுற்றிவரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டா. பிள்ளை நூலைக் கொண்டுவரும்போது அருகில் அமர்ந்து, ‘இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, கண்ணு?’ என்று தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு ஆசிரியராகட்டும். விளக்கிச் சொல்லும் பிள்ளையே நன்றாகக் கற்கிறது. அந்தப் பத்து நிமிடம், எந்தத் தனிப்பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததன்று.

தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. மாணவர் தொகையும் குறைந்து வருகிறது. ‘தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் மற்ற மொழிகள் வாரா’ என்று எண்ணி வேறு பள்ளி தேடும் பெற்றோரை வசைமொழியால் தடுத்து நிறுத்த இயலாது. மும்மொழியிலும் அச்சமின்றி வாய் திறக்கும் ஒரு பிள்ளையை அவர்முன் நிறுத்தினால், அதுவே தக்க விடையாகும். அப்பிள்ளை உருவாவதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. ஒரு நல்ல கதை, அதற்கேற்ற படம், அதனைச் சுவைபடப் படிக்கும் ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். நம் பள்ளிகளில் பூட்டிக்கிடக்கும் அலமாரிகளின் சாவிகள் நம் கையில்தான் உள்ளன. திறப்போம்.