இறால் தட்டு யாருக்கு?

பொங்கலுக்கு மறுநாள் கச்சிராயபாளையம் டீக்கடையில் ஒரு வாலிபனைச் சந்தித்தோம். கல்வராயன் மலையடிவாரத்தில் கூலி வேலை செய்யும் தாயின் ஒரே மகன். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு பெரிய கடலுணவு ஓட்டலில் தட்டுக் கழுவுகிறான்.

"லீவில் வந்தாயா தம்பி?" என்று கேட்டோம்.

"லீவு ஏதுண்ணே? வந்த நாளுக்கெல்லாம் சம்பளம் புடிச்சுக்குவாங்க. அம்மாவைப் பாக்கணும்னு வந்தேன்" என்றான்.

டீ ஆறும் வரை ஓட்டல் கதையைச் சொன்னான். கேளிக்கைப் பூங்காவில் பகலெல்லாம் நீரில் ஆடிவிட்டு, தலை ஈரம் காயாமல் குடும்பம் குடும்பமாகச் சாயங்காலம் வந்து இறங்குவார்களாம். கண்ணாடித் தொட்டியில் உயிரோடு கிடக்கும் சிங்கி இறாலைப் பிள்ளைகள் விரலால் காட்டினால் போதும். எடுத்து நிறுத்து, சமைத்துக் கொண்டு வருவார்கள். விலை எடைக்கு ஏற்ப. பாதி தின்றதும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். மீதி இவன் கைக்கு வரும், குப்பை வாளியில் கொட்டுவதற்காக.

"நீ ருசி பார்த்ததுண்டா?"

சிரித்தான். "ஒரே ஒரு தடவை. மேஸ்திரி பாக்காதப்ப. நல்லாத்தான் இருந்துச்சுண்ணே!"

அந்தச் சொல்லே நம்மை எழுத வைத்தது. நல்லாத்தான் இருக்கும்! யார் இல்லையென்றார்? ஏழைக்கு எளிமையே அழகு, கூழே அமிர்தம் என்று வயிறு நிறைந்தவர்கள் பிரசங்கம் செய்வதுண்டு. நாம் அந்த ரகமல்ல. இறால் நல்ல பண்டம். பெண்டு பிள்ளைகளோடு ஒரு நாள் நீரில் ஆடிக் களிப்பதும் நல்ல காரியமே. தின்பவர்மீது நமக்குக் கோபமில்லை; அவர்களிலும் மாதச் சம்பளக்காரர்கள் பலருண்டு, வருஷமெல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவழிப்பவர்கள். நாம் கேட்பது வேறு. இறாலை வளர்த்தவனும் உரித்தவளும் தட்டுக் கழுவியவனும் அந்த மேஜையில் உட்காரும் நாள் எது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். போட்ட முதல் 611 கோடி ரூபாய் என்றார்கள். திறந்தபோது நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது. தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் 5,956 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கென்று அறிவித்த நாட்கூலி 336. பிடித்தமில்லாமல் முழுக் கூலி கைக்கு வந்தாலும், ஒருவர் 18 நாள் மண் வெட்டினால்தான் வாசலைத் தாண்டலாம். பஸ் செலவு தனி. இறால் தட்டு அதற்கும் அப்புறம்.

பணம் மட்டுமா? நாள் வேண்டாமா? கூலியை இழக்காமல் ஓய்ந்திருக்க ஒரு நாள்! மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை என்பது காலண்டரில் சிவப்பு எழுத்து. நம் ஜனங்களுக்கு அது அடுப்பெரியாத நாள்.

சம்பளத்தோடு விடுப்பு என்பது எந்த முதலாளியும் மனமிரங்கித் தந்ததல்ல. 1936இல் பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷமே மக்கள் முன்னணி அரசாங்கம் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் போட்டது. பாரிஸ் ஆலைத் தொழிலாளி பலர் பிள்ளைகளோடு முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். நம் நாட்டில் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு. 1958இல் ஓட்டல் தொழிலாளிக்கென்று சென்னை ராஜ்யத்தில் தனிச் சட்டமும் வந்தது.

ஆனால் 240 நாளுக்கு எங்கே போவது? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம் வாசகர்கள் அறிவார்கள். அரைவைப் பருவம் சில மாதம். பருவத் தொழிலாளியாக உள்ளே போனவர், கரும்பு தீர்ந்ததும் வெளியே வருகிறார். அவருக்கு 240 என்பது எட்டாத கொம்பு. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. அந்தத் தொகுப்புகளை எதிர்க்கக் காரணங்கள் நிறைய உண்டு. ஆனாலும் இந்த ஒரு வரி நல்ல வரி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரும்பு வெட்டும் கூலிக்காரருக்கும் நாற்று நடும் பெண்ணுக்கும் அந்த வரியும் எட்டவில்லை. வயலில் இறங்குகிறவருக்கு லீவு என்றால் மழை.

இந்தப் பூங்கா வியாபாரத்தின் தாயகம் அமெரிக்கா. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955இல் திறந்தது. 1959 செப்டம்பரில் சோவியத் பிரதமர் குருஷேவ் அந்த ஊருக்குப் போனபோது அதைப் பார்க்க ஆசைப்பட்டார். பாதுகாப்புக்கு வழியில்லை என்று விடவில்லை. அவர் விருந்து மேடையிலேயே கோபித்துக்கொண்டார். வல்லரசின் தலைவருக்கே டிக்கட் கிடைக்கவில்லை, நாம் எம்மாத்திரம்! பிறகு ஃப்ளாரிடாவில் இன்னும் பெரிய டிஸ்னி உலகம் எழுந்தது. அங்கே 1986இல் ஒரு கடலுணவு ஓட்டலைத் திறந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அப்பால் மீன் நீந்தும். இப்பால் உட்கார்ந்து மீன் தின்பார்கள்.

அந்தச் சொர்க்கத்தில் வேலை செய்பவர் கதி என்ன? கலிபோர்னியா டிஸ்னிலாந்துத் தொழிலாளரைப் பற்றி யூனியன்களின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பதில் சொன்னவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், முந்தைய இரண்டு வருஷத்தில் குடியிருக்க வீடில்லாமல் தவித்தவர்கள். ஊரார் பிள்ளைகளுக்கு அரண்மனை காட்டிவிட்டு, காருக்குள் படுத்துத் தூங்கியவர்களும் உண்டு. யூனியன்கள் விடவில்லை. அதே வருஷம் பல பிரிவுத் தொழிலாளருக்கு மணிக்கு 15 டாலர் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

சரி, இறாலுக்கு வருவோம். இந்தியா வளர்க்கும் இறாலுக்கு மிகப் பெரிய கிராக்கி அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்த நாட்டு ஜனாதிபதி இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் இங்கே பண்ணைக்காரர்கள் பதறினார்கள். பதறியது பண்ணைக்காரர் மட்டுமா? ஐஸ் தண்ணீரில் கை விறைக்க, கிலோவுக்கு இவ்வளவு என்று இறால் உரிக்கும் பெண்களின் கூலியும் அந்த வரியில்தான் தொங்கியது.

அந்தப் பண்ணைகள் எந்த மண்ணில் வந்தன? 1990களின் தொடக்கத்தில் நாகை, சீர்காழிக் கரைகளில் கம்பெனிகள் நெல் வயலை வாங்கிக் குளம் தோண்டின. உப்புத் தண்ணீரை உள்ளே விட்டன. உப்பு பக்கத்து வயலுக்கு ஊறிற்று. குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் ஊறிற்று. நடவு, களை, அறுப்பு என்று நூறு கைக்கு வேலை கொடுத்த நிலத்தில் இரண்டு காவல்காரர்கள் நின்றார்கள். காவிரிக் கடைமடையின் விவசாயத் தொழிலாளி, கீழவெண்மணியில் 1968இல் 44 உயிர்களைத் தீயில் பறிகொடுத்த அதே வர்க்கம், வேலையில்லாமல் வரப்பில் உட்கார்ந்தது.

சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த ஜனங்களைத் திரட்டினார்கள். அவர்கள் காந்தியவாதிகள், பாதை வேறு. இருந்தாலென்ன? உண்ணாவிரதம் இருந்தார்கள், சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும். வேலை போகும் பண்ணைத் தொழிலாளிக்கு 6 வருஷச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். இறால் பண்ணையில் வேலை செய்த கூலிக்காரரையும் மறக்காத தீர்ப்பு! நடந்ததென்ன? பண்ணைகள் நின்றன, தீர்ப்பு காத்திருந்தது. 2005இல் பார்லிமெண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, பதிவு செய்துகொண்டால் நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 2009 முதல் புலி இறாலின் இடத்துக்குப் பசிபிக் கடலின் வெள்ளை இறால் வந்தது. அந்த வாலிபன் கழுவிய தட்டில் பெரும்பாலும் கிடந்தது அதன் ஓடாகவே இருக்கும்.

நம் மலைக்கும் இப்போது உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். கரியாலூரில் படகு விடுகிறார்கள். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கார்கள் ஏறுகின்றன. வரட்டும். ஆனால் இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்த பாட்டனார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதன் பிறகும் வேலை தேடி மலையை விட்டு இறங்குவது நிற்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவரில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். நாள் முழுதும் உடம்பு நோக உழைத்தவனுக்கு இந்தச் சமூகம் மலிவாக வைத்திருந்த ஒரே கேளிக்கை அந்தப் பாக்கெட்தான். அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று நீதிபதிகள் கேட்க வேண்டி வந்தது. அருவிக்குப் போகும் ரோட்டைப் போலவே பிரசவத்துக்குப் போகும் ரோடும் சீக்கிரம் வரட்டும் என்று கேட்பது பேராசையா?

வாலிபனிடம் 180 நாள் சங்கதியைச் சொன்னோம். ஆடி மாதத்திலிருந்து விரல் விட்டு எண்ணினான். "கணக்கு வந்துடும் போலிருக்கேண்ணே" என்று முகம் மலர்ந்தது. உன் பெயர் வருகைப் பதிவில் இருக்கிறதா, சம்பளச் சீட்டு தருகிறார்களா என்று கேட்டோம். இல்லை, கையில்தான் பணம். போன நாளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வை, கூட வேலை செய்பவர்களையும் குறிக்கச் சொல் என்றோம். டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, பஸ் டிக்கட்டின் பின்புறம் அன்றைய தேதியை எழுதிக்கொண்டான். தாய் கட்டிக் கொடுத்த சாமைச் சோறும் கோமுகி அணை மீன் குழம்பும் பையில் இருந்தன. சென்னை பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.