லென்ஸ் மாறவில்லையா? "ரீசெட்" என்றால் உடனே தலையாட்டாதீர்!

மாலை 6½ மணி. சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்து. அதில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஆபீஸ் விட்டு வந்த குமாஸ்தா ஒருவர் தன் போனை நீட்டினார்.

"தம்பி, தூரத்துல இருக்கறதை எடுக்கற லென்சுக்கு மாறவே மாட்டேங்குது. 3-ஐ அமுக்கறேன். படம் பெரிசாகுது. ஆனா ஒரே மசமசப்பு" என்றார்.

கடைப் பையன் போனை வாங்கினான். மேஜையில் கிடந்த விசிட்டிங் கார்டுக்கு அரை அடி உயரத்தில் பிடித்தான். 1-ஐ அமுக்கினான். பிறகு 3-ஐ அமுக்கினான். தூரம் பார்க்கும் லென்சை விரலால் மூடினான். அப்போதும் படம் மறையவில்லை!

"சார், லென்ஸ் அவுட். மாத்தணும். 4 ஆயிரத்து 500 ஆவும்."

"அவ்வளவா?"

"இல்லேன்னா ரீசெட் அடிச்சுப் பாக்கலாம். 300 ரூவா. சரியானாலும் ஆயிடும்."

குமாஸ்தா தலையாட்டினார். பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணையும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போன் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் திரும்பி வந்தது. லென்ஸ் மட்டும் மாறவில்லை. பேத்தியின் காதுகுத்து, முதல் பிறந்த நாள், போன வருடம் காலமான தாயார் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த படம், எல்லாம் அம்போ! வேறு எங்கும் அவர் காப்பி எடுத்து வைத்திருக்கவில்லை.

மறுநாள் காலை. பக்கத்து வீட்டு கல்லூரி மாணவி அதே போனை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனாள். எதிரே தெரிந்த கோவில் கோபுரத்துக்கு நேரே பிடித்து 3-ஐ அமுக்கினாள். லென்ஸ் "டக்"கென்று மாறியது. கோபுரத்துப் பொம்மைகள் பளிச்சென்று தெரிந்தன.

போனில் பழுதே கிடையாது!

பையன் செய்த தப்பு

பின்னால் 3 கண் உள்ள போனில் 3 தனித்தனி கேமராக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ், தனி சென்சார். 0.5 என்பது அகலமாகப் பார்க்கும் கண். 1 என்பது முக்கியமான கண். 2, 3, 5 என்றெல்லாம் போடுவது பெரும்பாலும் தூரத்தைப் பார்க்கும் கண்.

ஸ்டூடியோக்காரர் ஒரு லென்சைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவார். போனில் அந்த வேலை இல்லை. ஒரு கேமராவை விட்டு இன்னொரு கேமராவுக்குத் தாவுகிறது. எப்போது தாவலாம் என்பதைப் பல போன்களில் போனே முடிவு செய்கிறது.

தூரம் பார்க்கும் கண்ணுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். மூக்குக்கு முன்னால் இருக்கும் பொருளை அதனால் தெளிவாகப் பார்க்க முடியாது. அதனால் மங்கலான இடத்திலும், ரொம்பக் கிட்டத்திலும் 3-ஐ அமுக்கினால் போன் முக்கியமான கண்ணை விடுவதில்லை. அந்தப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டிவிடும். படம் மசமசப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 2016-ல் ஐபோன் 7 பிளஸ் 2 லென்சுடன் வந்தபோதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது.

டியூப் லைட் வெளிச்சத்தில், அரை அடி தூரத்தில், விசிட்டிங் கார்டை வைத்து சோதித்தால் லென்ஸ் எப்படி மாறும்? பையனுக்கு இது தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. எதுவானாலும் நஷ்டம் குமாஸ்தாவுக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு. "நான் தொடவே இல்லை, தானாக லென்ஸ் மாறுது" என்பார்கள். 2021-ல் வந்த ஐபோன் 13 புரோ முதல் சில போன்கள், பொருள் ரொம்பக் கிட்டே வந்ததும் தாமாகவே அகலமான கண்ணுக்குத் தாவிவிடும். பூச்சி, மோதிரம், நாணயம் ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுப்பதற்காக வைத்த வசதி அது. அந்த நேரத்தில் திரையில் சின்னப் பூ அடையாளம் வரும். அதைத் தொட்டால் நின்றுவிடும். இதற்கும் சிலர் கடைக்கு ஓடுகிறார்கள்!

எல்லாம் கண் அல்ல

இன்னொரு சங்கதி. விலை குறைந்த போன்களில் பின்னால் 3 வட்டம், 4 வட்டம் இருக்கும். அத்தனையும் படம் எடுக்கும் கண் என்று நினைப்பது தப்பு. அதில் ஒன்று, ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் பார்க்க மட்டுமே வைத்ததாக இருக்கும். அந்தக் கண்ணுக்கு மாற பட்டனே கிடையாது. அந்தப் போனில் 2-ஐ அமுக்கினால் முக்கியமான கண்ணின் படம்தான் பெரிதாகும். இல்லாத லென்சுக்கு மாறவில்லை என்று ரிப்பேர் செய்ய முடியுமா? போன் வாங்கிய பெட்டியில் எந்த கேமரா எதற்கு என்று போட்டிருக்கும். ஒரு தடவை படித்துவிட்டால் வேலை முடிந்தது.

10 நிமிட வேலை

கடைப்படி ஏறுவதற்கு முன் போன் வைத்திருப்பவர் 10 நிமிடம் செலவழிக்க வேண்டும்.

முதலில் போன் உறையைக் கழற்ற வேண்டும். புது உறையின் ஓட்டை ஒரு நூல் தள்ளி இருந்தாலும் ஒரு கண் மறைந்துவிடும். காந்தம் வைத்த உறையும் லென்சின் அசைவைக் கெடுக்கும். லென்ஸ் மேல் ஒட்டிய கண்ணாடி ஸ்டிக்கர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

பிறகு போனோடு வந்த கேமராவைத் திறக்க வேண்டும். வாட்ஸ்அப் போன்றவற்றுக்குள் இருக்கும் கேமராவில் சோதிக்கக் கூடாது. அவற்றில் எல்லா லென்சும் வராமல் போகலாம். வீடியோவிலும் கூடாது. சில வீடியோ முறைகளில் லென்சை மாற்ற போன் விடாது. சாதாரண போட்டோவில்தான் பார்க்க வேண்டும்.

நல்ல பகல் வெளிச்சம். தெருக்கோடியில் இருக்கும் போர்டு. 0.5, 1, 3 என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பின்னால் ஒவ்வொரு கண்ணையும் விரலால் மூடிப் பார்க்க வேண்டும். மூடிய கண்ணுக்கு ஏற்றபடி படம் மறைந்தால் லென்ஸ் மாறுகிறது. போனில் கோளாறு இல்லை.

அப்படியும் மாறவில்லையா? வீடியோ பேச்சு ஏதாவது பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் அதை மூட வேண்டும். போன் கொதிக்கிறது என்றால் ஆறவிட வேண்டும். உள்ளே இடம் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் காலி செய்ய வேண்டும். பிறகு போனை அணைத்துப் போட வேண்டும். கம்பெனி அனுப்பிய புது அப்டேட் வந்திருந்தால் ஏற்ற வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்சில் கேமரா ஆப்பைத் தேடி "கிளியர் கேஷ்" கொடுக்கலாம். கேமராவுக்குள்ளேயே இருக்கும் "ரீசெட் செட்டிங்ஸ்" பட்டனையும் அமுக்கலாம். இந்த இரண்டிலும் படங்கள் அழியாது. "ஃபேக்டரி ரீசெட்" வேறு. அது வீட்டைக் காலி செய்வது மாதிரி. படம், நம்பர், கணக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டுக்கும் பெயர் ரீசெட்தான். அந்த ஒரு வார்த்தையில்தான் குமாஸ்தா ஏமாந்தார்.

நிஜமான பழுது

நிஜமாகவே லென்ஸ் போவதும் உண்டு. அதற்கு அடையாளம் இருக்கிறது. ஒரு கண்ணுக்கு மாறினால் மட்டும் திரை கருப்பாகும். அல்லது படம் ஜன்னி கண்டதுபோல் நடுங்கும். போனுக்குள் "கிர்" என்று சத்தம் வரும். போன் கீழே விழுந்த பிறகோ, தண்ணீர் பட்ட பிறகோ, பேட்டரி மாற்றிய பிறகோ இது ஆரம்பித்தது என்றால் சந்தேகம் உறுதி.

விழுந்த போனிலும், திறந்து மூடிய போனிலும் கேமரா பட்டையின் கனெக்டர் நெகிழ்ந்திருக்கலாம். திரும்ப அழுத்திப் பொருத்தினாலே சரியாகிவிடும். அதற்குப் புது லென்ஸ் தேவை இல்லை. கேமராவே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சில போன்களில் பின் கேமராக்கள் ஒரே செட்டாக வருவதால் செலவு கூடும்.

பைக் ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருக்க, பல போன்களில் லென்ஸ் உள்ளே மிதந்தபடி அசைகிறது. பைக் கைப்பிடியில் போனை மாட்டி வழி பார்த்துக்கொண்டே போனால், இன்ஜின் அதிர்வு அதன் உயிரை வாங்கிவிடும். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள்களில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்தது. காலை முதல் ராத்திரி வரை போனை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டு போகும் பையன்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

ரசீது எங்கே?

எல்லா ரிப்பேர் கடையும் மோசம் என்று சொல்ல முடியாது. கடுகு அளவு ஸ்குரூவைக் கழற்றி, கனெக்டரை அழுத்தி, "போங்க சார், டீக்குக் குடுங்க" என்று அனுப்பி வைக்கும் கெட்டிக்காரர்கள் இதே நகரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுப்பது அவசரக்காரக் கடைகள்தான்.

கடைக்காரர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில், வாடிக்கையாளர் கண் முன்னால் சோதிக்க வேண்டும். என்ன பழுது, என்ன கூலி என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். லென்சை மாற்றினால் பழைய லென்சைக் கையில் கொடுக்க வேண்டும். "எல்லாத்தையும் அழிக்கப் போறேன், காப்பி எடுத்துட்டீங்களா?" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு என்ன செலவு?

ரசீது கேட்பது கேவலம் அல்ல. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த வேலைக்கு பில்லோ ரசீதோ தராமல் இருப்பதும் முறையற்ற வியாபாரம்தான். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் போய் நின்றால் கேஸ் எப்படி நிற்கும்?

போன்காரர் மீதும் தப்பு இருக்கிறது. வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவனிடம் கொடுப்போமா? பேங்க் கணக்கு, குடும்பப் படம், ஆபீஸ் கடிதம் எல்லாம் இருக்கும் போனின் ரகசிய எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடுகிறோம். சாம்சங் போன்களில் 2022 முதல் "மெயின்டனன்ஸ் மோட்" வந்திருக்கிறது. கூகுள் பிக்சல் போன்களில் 2023 டிசம்பரில் "ரிப்பேர் மோட்" வந்தது. அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், சொந்தச் சமாசாரத்தைப் பார்க்க முடியாது. வாரன்டி உள்ள போன் என்றால் வேறு யாரும் திறப்பதற்கு முன் கம்பெனி சர்வீசுக்குக் கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், படங்களை கம்ப்யூட்டரிலோ, பென் டிரைவிலோ, வேறு கணக்கிலோ ஒரு காப்பி போட்டுவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

குமாஸ்தாவின் போனில் லென்ஸ் இப்போதும் நன்றாக மாறுகிறது. கோபுரம் தெளிவாகத் தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த தாயாரின் படம்தான் இல்லை. அதற்கு அவர் 300 ரூபாய் கூலியும் கொடுத்திருக்கிறார்.