நிலம் ஏன் நடுங்குகிறது?

எங்கேனும் நிலநடுக்கம் நேர்ந்த செய்தி வந்தவுடன், "இது கடவுள் அனுப்பிய தண்டனையோ?" என்னும் வினா நம் இல்லங்களில் எழுவதுண்டு. விடை காண விழைவோர், போர்ச்சுகல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில் 1755-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அறிந்திருத்தல் நலம்.

அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதரை மணி கடந்த வேளை. ஆலயங்களில் மக்கள் நிறைந்திருந்தனர். பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போது நிலம் அதிர்ந்தது. சில நிமிடங்களில் கற்கட்டடங்கள் சரிந்தன. தப்பியோர் திறந்த வெளியை நாடி ஆற்றுத் துறைக்கு ஓடினர். அங்கே நீர் பின்வாங்கி அடித்தரை தெரிந்தது. நடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ 40 நிமிடங்களில் கடல் பேரலையாய்ப் பாய்ந்து வந்தது. சாய்ந்த மெழுகுதிரிகளாலும் அடுப்புகளாலும் மூண்ட தீ பல நாள் எரிந்தது. மாண்டவர் பல்லாயிரவர்.

இதற்குக் காரணம் யாது? நாம் மிதிக்கும் தரை ஒரே பாளமன்று. விரிசல் கண்ட முட்டையோடு போல, புவியின் புறவோடு பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அவற்றுள் பெரியவை ஏழு. இத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே நகர்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகம் அது. பாறை முறிந்து, அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உராய்ந்து பெயரும் இடத்தைப் பிளவு என்பர். அப்பக்கங்கள் எளிதில் வழுக்கிச் செல்வதில்லை. உராய்வினால் பற்றி நிற்கின்றன. தட்டுகளோ ஓயாது தள்ளுகின்றன. ஆகவே பாறை, வளைக்கப்பட்ட மூங்கில் போல் இறுகுகிறது. தாங்கும் எல்லை கடந்ததும் சட்டென விடுபடுகிறது. 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபோது, பிளவை ஒட்டிய நிலம் சில இடங்களில் 6 மீட்டர் வரை விலகிற்று. அதனை ஆராய்ந்த ரீட் என்னும் அறிஞர் 1910-இல் இவ்விளக்கத்தை அளித்தார்.

விடுபட்ட ஆற்றல் அலைகளாகப் பரவுகிறது. பாறையை அமுக்கி விரிக்கும் அலை விரைந்து முதலில் வருகிறது. பக்கவாட்டில் உலுக்கும் அலை பின்னே வருகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு, நடுக்கம் பிறந்த இடத்தின் தொலைவைக் கணிக்கின்றனர்.

லிஸ்பனை வீழ்த்திய நடுக்கம், ஆப்பிரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் நெருக்கும் எல்லையை அடுத்து, அட்லாண்டிக் கடலடியில் பிறந்தது. கடலடி பெயர்ந்ததால் மேலிருந்த நீரும் பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகே கடலடி பெயர்ந்து, நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரைகளைக் கடல் விழுங்கியதும் இவ்வாறே. அங்கே இந்தியத் தட்டு, அடுத்த தட்டின் கீழ் அமிழ்ந்து செல்கிறது. அதனுடன் இறங்கும் நீர், ஆழத்துப் பாறை எளிதில் உருகச் செய்கிறது. உருகிய குழம்பு மேலெழும்போது, அழுத்தம் குறைய, அதில் கரைந்திருந்த வாயுக்கள் திறந்த சோடாப் புட்டி போல் பொங்குகின்றன. அதுவே எரிமலை. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு இவ்வாறு தோன்றியதே.

லிஸ்பன் பேரழிவுக்குப் பின், மலாகிரிதா என்னும் இயேசு சபைக் குரு, இதற்கு இயற்கை காரணமன்று, மக்களின் பாவமே காரணம் என்று 1756-இல் நூல் வெளியிட்டார். அதே காலத்தில், பின்னர் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்ற அமைச்சர், நாட்டின் பங்குகளுக்கெல்லாம் ஒரு வினாத்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையிலிருந்து வலுத்தது? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? மாண்டோர் எத்தனை பேர்? பங்குக் குருக்கள் விடை எழுதினர். அவ்விடைகள் இன்றளவும் அறிஞர்க்குப் பயன்படுகின்றன. நகரை மீண்டும் கட்டியபோது, அதிர்வைத் தாங்குமாறு சுவர்களுக்குள் மரச்சட்டங்கள் பின்னப்பட்டன.

ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தோர் மற்றவரினும் பெரும் பாவிகளோ? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியைக் குறிப்பிட்டபோதே, அத்தகைய எண்ணத்தை நம் ஆண்டவர் மறுத்துவிட்டார். அவர் கேட்டது நம் ஒவ்வொருவரின் மனமாற்றத்தை, மாண்டோர்மீது தீர்ப்பையன்று. ஆதலின் துயருற்ற குடும்பத்தாரிடம் "யார் செய்த பாவமோ" என்று கூறுவது அறிவுக்கும் அன்புக்கும் ஒவ்வாது.

நிலநடுக்கத்தில் மாள்வோருள் பெரும்பாலோர், இடிந்து விழும் கட்டடத்தாலேயே மாள்கின்றனர். தட்டின் விளிம்பிலிருந்து வெகு தொலைவிலுள்ள மராட்டிய மாநில லாத்தூர்ப் பகுதியில், 1993 செப்டம்பர் 30 விடியுமுன், கனத்த கல்லும் மண்ணும் கொண்டெழுப்பிய சுவர்கள் உறங்கியோர்மீது சரிந்தன. ஆகவே வீடு கட்டுவோர், சுவர்களை நான்கு பக்கமும் பிணைக்கும் கான்கிரீட் வளையத்தைச் செலவு கருதி விட்டுவிட வேண்டாம். நிலம் அதிர்ந்தால் உறுதியான மேசையின் கீழ்ப் பதுங்குக. கடற்கரையில் நெடுநேரம் அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கக் கண்டாலோ, வேடிக்கை பார்த்து நில்லாது மேட்டு நிலத்திற்கு விரைக. இவற்றை உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.